மூடாமல் விட்டவை: டாம்கேட்டில் ஓடும் ஜாவா செயலிகளின் நினைவகக் கசிவைச் சரிசெய்யும் முறை

திருப்பூர், கரூர், ஈரோடு வட்டாரத்தில் ஆர்டர் பதிவு முதல் சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடைக் கணக்கு, ஜாப் ஒர்க் பில் வரை எல்லாவற்றையும் ஜாவாவில் எழுதிய ஒரே செயலியில் வைத்திருக்கும் பனியன் கம்பெனிகளும் ஜவுளி நிறுவனங்களும் உண்டு. அந்தச் செயலி பல இடங்களில் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வரில், டாம்கேட் என்ற (ஜாவா வலைச் செயலிகளை இயக்கும்) மென்பொருளின் மேல் ஓடுகிறது. இரவு ஷிப்டும் நடப்பதால் சர்வரை நிறுத்த எளிதில் அனுமதி கிடைக்காது. ஆகவே டாம்கேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வார் கோப்பை (செயலி முழுவதையும் கட்டி வைத்த ஒரே கோப்பை) பழையதன் மேல் டிப்ளாய் செய்துவிடுவார்கள். இப்படிச் சில முறை செய்தபின் ஒரு நாள் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி எரர்: மெட்டாஸ்பேஸ்' என்ற வரி, அதாவது கிளாஸ் விவரங்கள் தங்கும் நினைவகப் பகுதி நிரம்பிவிட்டது என்ற செய்தி, விழும். "சர்வர் மறுபடியும் நின்னு போச்சுங்க" என்று பேக்கிங் செக்‌ஷனிலிருந்து போன் வரும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதால்தான் காரணத்தை யாரும் தேடிப் போவதில்லை. அந்தக் காரணத்தைத் தேடிப் பிடித்து, செயலியின் நிரலிலேயே அதைச் சரிசெய்வதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன்.

என்ன தங்கிவிடுகிறது

டாம்கேட் ஒவ்வொரு வலைச் செயலிக்கும் தனியாக ஒரு கிளாஸ்லோடரை (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றுவதை) உருவாக்குகிறது. வார் கோப்புக்குள் இருக்கும் கிளாஸ்களும் அதன் லிப் கோப்புறையில் இருக்கும் ஜார்களும் (நூலகக் கோப்புகளும்) இந்த லோடர் வழியாகவே ஏற்றப்படுகின்றன. செயலியை நிறுத்தும்போது டாம்கேட் அந்த லோடரின் மீதான தன் பிடியை விட்டுவிடும். வேறெங்கிருந்தும் பிடி இல்லையென்றால், பயன்படாதவற்றை நினைவகத்திலிருந்து துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை அப்புறப்படுத்திவிடும். ஆனால் ஓர் ஆப்ஜெக்ட் தன் கிளாஸைச் சுட்டுகிறது, கிளாஸ் தன்னை ஏற்றிய லோடரைச் சுட்டுகிறது, லோடரோ தான் ஏற்றிய எல்லாக் கிளாஸ்களையும், அவற்றின் ஸ்டாட்டிக் மாறிகளையும், அந்த மாறிகளில் கிடக்கும் கேஷ்களையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே ஜேவிஎம்முக்கோ (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரத்துக்கோ) டாம்கேட்டுக்கோ சொந்தமான ஏதோ ஓர் இடத்தில் உங்கள் செயலியின் மிகச் சிறிய ஆப்ஜெக்ட் ஒன்று தங்கிவிட்டால் போதும், செயலியின் பழைய பதிப்பு முழுவதும் நினைவகத்திலேயே நிற்கும். நிட்டிங் மெஷினில் ஒரே ஒரு ஊசியில் நூல் சிக்கி நின்றாலும் துணிச் சுருளை விடுவித்து எடுக்க முடியாமல் போவது போன்றது இது.

2014-இல் ஜாவா 8 வந்தபோது கிளாஸ் விவரங்கள் அதுவரை தங்கியிருந்த பெர்ம்ஜென் நீக்கப்பட்டு மெட்டாஸ்பேஸ் வந்தது. அதனால் இந்தக் கசிவு தீர்ந்துவிட்டது என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள், தீரவில்லை. மெட்டாஸ்பேஸ் ஹீப்புக்கு (ஆப்ஜெக்ட்கள் தங்கும் நினைவகப் பகுதிக்கு) வெளியே, இயந்திரத்தின் சொந்த நினைவகத்தில் வளர்கிறது. நாம் வரம்பு வைக்காவிட்டால் அதற்கு வரம்பும் இல்லை. முன்பு டாம்கேட் மட்டும் விழுந்தது. இப்போது அதே சர்வரில் ஓடும் டேட்டாபேஸையும் சேர்த்து மூச்சுத் திணறச் செய்துவிட்டு விழுகிறது. மேக்ஸ்மெட்டாஸ்பேஸ்சைஸ் என்ற அளவை வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். அது கசிவை நிறுத்தாது என்றாலும், எது எப்போது நிரம்பியது என்பது லாகில் தெளிவாகத் தெரியும்.

செயலியைத் தனி ஜாராக, டாம்கேட்டை உள்ளடக்கி ஓட்டுபவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் புராசஸையே நிறுத்தித் தொடங்குகிறார்கள். அவர்களுக்குக் கிளாஸ்லோடர் கசிவு பெரும்பாலும் பொருட்டல்ல. அவர்கள் ரிக்வெஸ்ட், செஷன் பற்றிய பகுதியைப் படித்தால் போதும்.

கசிவுதானா என்று உறுதிப்படுத்துதல்

ஹீப் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. தேவை வரும் வரை ஜேவிஎம் ஹீப்பைச் சுத்தம் செய்யாமல் வைத்திருப்பது இயல்பு. சோதனைச் சர்வர் ஒன்றில் செயலியை ஏற்றி, உண்மையான பயனர் செய்வதுபோல் லாகின், ஆர்டர் பதிவு, ரிப்போர்ட் என்று முக்கியத் திரைகளைத் தொட்டுவிட்டு, டாம்கேட் மேனேஜரில் ரீலோட் கொடுங்கள். திரைகளைத் தொடாமல் ரீலோட் செய்து பார்ப்பது பயனற்றது. டேட்டாபேஸ் டிரைவரும் த்ரெட்லோக்கலும் (த்ரெட் எனப்படும் ஒவ்வொரு வேலை இழையும் தனக்கென வைத்திருக்கும் மதிப்பும்) ரிக்வெஸ்ட் வந்த பிறகே உயிர் பெறுபவை. இதைச் சில முறை திரும்பச் செய்தபின் மேனேஜர் பக்கத்தின் அடியில் உள்ள 'ஃபைண்ட் லீக்ஸ்' பொத்தானை அழுத்தினால், நிறுத்தப்பட்டும் நினைவகத்தை விட்டுப் போகாத செயலிகளின் பெயர்களை டாம்கேட் பட்டியலிடும். அந்தப் பொத்தான் முழு கார்பேஜ் கலெக்‌ஷனைத் தூண்டும் என்பதால், ஷிப்ட் நடக்கும் நேரத்தில் உற்பத்திச் சர்வரில் அதை அழுத்த வேண்டாம்.

மேனேஜர் நிறுவப்படாத இடங்களில், ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித் தொகுப்பு) 9 முதல் அதன் ஜேசிஎம்டி கருவியில் கிடைக்கும் 'விஎம் கிளாஸ்லோடர் ஸ்டாட்ஸ்' என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். முழு கார்பேஜ் கலெக்‌ஷனுக்குப் பிறகும் ஒரே செயலிக்குரிய வெப்ஆப் கிளாஸ்லோடர் பல வரிகளில் வந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, செயலியை நிறுத்தும் கணத்தில் டாம்கேட்டின் கேட்டலினா லாகில் விழும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். எந்த த்ரெட்டைத் தொடங்கி நிறுத்தாமல் விட்டீர்கள், எந்த ஜேடிபிசி (டேட்டாபேஸ் இணைப்பு) டிரைவரைப் பதிவு நீக்கம் செய்யவில்லை, எந்த வகை த்ரெட்லோக்கலைக் காலி செய்யவில்லை என்பதையெல்லாம் டாம்கேட் பெயர் சொல்லியே எழுதுகிறது. 2010-இல் வெளிவந்த 6.0.24 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. பாதிக் கசிவுகளுக்கு இந்த வரிகளைத் தாண்டிப் போகவே தேவையிருக்காது என்பது என் கணிப்பு. அந்த வரிகளை 'வார்னிங்தானே' என்று கடந்துபோகும் பழக்கமே பிரச்சினை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2012 வாக்கில் கோவை, திருப்பூர் பகுதிகளில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் மாற்றும் இடைவெளியில் யுபிஎஸ் கைவிட்ட இடங்களில் சர்வர் தானாகவே அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். எத்தனை கசிவு இருந்தாலும் வெளியே தெரியாது. மின்சாரம் சீரான பிறகு "முன்பு நன்றாக ஓடிய செயலிதானே, இப்போது ஏன் விழுகிறது" என்று கேட்டால் விடை இதுதான். இன்று இரவு இரண்டு மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கும் வசதி) வைத்து ரீஸ்டார்ட் செய்வதும் அதே மின்வெட்டை நாமே ஏற்பாடு செய்வதாகும். அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சரிசெய்தாயிற்று என்று டிக்கெட்டை மூடக் கூடாது.

பிடித்திருப்பது எது என்று கண்டறிதல்

லாக் போதாதபோது ஹீப் டம்ப் எடுக்க வேண்டும். ஜேசிஎம்டி கருவியின் 'ஜிசி ஹீப் டம்ப்' கட்டளை இதற்குப் போதும். டம்ப் எழுதி முடியும் வரை செயலி நின்றுபோகும், டம்ப் கோப்பும் பயன்பாட்டில் உள்ள ஹீப் அளவுக்குப் பெரியதாக இருக்கும் என்பதால் டிஸ்கில் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: அந்தக் கோப்புக்குள் பயனர்களின் பாஸ்வேர்டு, பையர் விலை, சம்பளப் பட்டியல் என்று அப்போது நினைவகத்தில் இருந்த எல்லாமே எழுத்தாகக் கிடக்கும். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேண்டவே வேண்டாம்.

டம்பை எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து, பேரலல்வெப்ஆப்கிளாஸ்லோடர் என்ற கிளாஸின் ஆப்ஜெக்ட்களைத் தேடுங்கள். ஸ்டேட் என்ற மாறியில் 'ஸ்டார்ட்டட்' என்றில்லாமல் நிறுத்தப்பட்ட நிலையைக் காட்டுவது எதுவோ, அதுதான் போகாமல் நிற்கும் பழைய பதிப்பு. அதன்மேல் வலது கிளிக் செய்து, 'பாத் டு ஜிசி ரூட்ஸ்' என்பதில் வீக், சாஃப்ட், ஃபாண்டம் என்னும் பலவீனமான குறிப்புகளை விலக்கும் தேர்வைக் கொடுங்கள். விலக்காவிட்டால் பிடியே இல்லாத பாதைகளும் சேர்ந்து வந்து குழப்பும். இப்போது கிடைக்கும் சங்கிலியை கீழிருந்து மேலாகப் படித்தால், உதாரணமாக இப்படி இருக்கும்: 'எச்டிடிபி-என்ஐஓ-8080-எக்செக்-4' என்ற த்ரெட், அதற்குள் த்ரெட்லோக்கல்மேப், அதில் ஓர் என்ட்ரி, அதன் வேல்யூவாக 'யூனிட்கான்டெக்ஸ்ட்' என்ற நம்முடைய கிளாஸின் ஆப்ஜெக்ட், அங்கிருந்து கிளாஸ்லோடர். சங்கிலியில் ஜேவிஎம் அல்லது டாம்கேட்டுக்குரிய கண்ணி முடிந்து நம் செயலியின் கண்ணி தொடங்கும் அந்த ஒரே இணைப்பைத்தான் அறுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருபவற்றில் கைவைப்பது வீண் வேலை.

த்ரெட்லோக்கல்

மேலே கண்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். லாகின் செய்தவர் நிட்டிங் யூனிட்டா, டையிங் யூனிட்டா, பேக்கிங்கா என்பதை ஒவ்வொரு மெத்தடுக்கும் அனுப்பிக்கொண்டிருக்க மனமில்லாமல், ஃபில்டரில் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்து வரும் நிரலில்) ஒரு ஸ்டாட்டிக் த்ரெட்லோக்கலில் வைத்துவிட்டோம். த்ரெட்லோக்கலின் கீ வீக் குறிப்பு என்பதால் அதுவே போய்விடும் என்று பலர் நினைப்பதுண்டு. கீ வீக் என்பது உண்மைதான், வேல்யூ அப்படியல்ல. வேல்யூ தன் கிளாஸைப் பிடிக்கிறது, கிளாஸ் லோடரைப் பிடிக்கிறது, லோடர் ஃபில்டர் கிளாஸைப் பிடிக்கிறது, ஃபில்டர் கிளாஸின் ஸ்டாட்டிக் மாறி அதே த்ரெட்லோக்கலைப் பிடிக்கிறது. கீயை வேல்யூவே மறைமுகமாகத் தாங்கி நிற்பதால் வீக் குறிப்பு எந்நாளும் காலியாகாது. டாம்கேட்டின் ரிக்வெஸ்ட் த்ரெட்கள் பூலுக்குச் சொந்தமானவை; நம் செயலி போன பின்பும் அவை வாழும்.

தீர்வு எளிது: ஃபில்டரில் மதிப்பை வைத்த அடுத்த வரியிலேயே டிரை தொடங்கி, ஃபைனலி பகுதியில் ரிமூவ் மெத்தடை அழைக்க வேண்டும். மதிப்பை 'நல்' (null, வெற்று) என்று மாற்றி வைப்பது அரைகுறை வேலை. என்ட்ரி மேப்பிலேயே கிடக்கும். தொடக்க மதிப்பைத் தானாக உருவாக்கும் வித்இனிஷியல் வகையில், ரிமூவ் ஆன பிறகு வேறொரு ஃபில்டர் அதன் கெட் மெத்தடை அழைத்தால் மதிப்பு மீண்டும் முளைத்துவிடும் என்பதால், துடைக்கும் வேலையை வரிசையில் ஆக வெளியே நிற்கும் ஃபில்டரிடம் கொடுங்கள். ரிக்வெஸ்டை அசிங்க் (async) முறையில் வேறு த்ரெட்டுக்கு மாற்றினால், அங்கே வைத்ததை அங்கேயே, அந்த ரன்னபிளின் ஃபைனலியில் துடைக்க வேண்டும். ஃபில்டரின் ஃபைனலி அந்த த்ரெட்டைத் தொடாது.

ரிமூவ் செய்யாமல் விடுவதில் நினைவகத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதே த்ரெட்டில் அடுத்து வரும் ரிக்வெஸ்ட் ஏதோ ஒரு வழியில் ஃபில்டரைத் தவிர்த்து வந்தால், முந்தைய பயனரின் யூனிட்டை அது தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும். டையிங் யூனிட்டின் எடை பேக்கிங் கணக்கில் ஏறினால் அதைக் கண்டுபிடிக்கப் போவது ஆடிட்டர்தான்.

த்ரெட்டும் எக்செக்யூட்டரும்

செயலி தொடங்கும்போது உருவாக்கிய எக்செக்யூட்டர் (த்ரெட்களின் தொகுப்பை நடத்துவது), டைமர், தனி த்ரெட் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் வரி, செயலி தொடங்குவதையும் நிற்பதையும் கவனிக்கும் சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனரின் கான்டெக்ஸ்ட்டிஸ்ட்ராய்ட் மெத்தடில் இருக்க வேண்டும். 'டீமன் த்ரெட்தான், தானாக நின்றுவிடும்' என்பது தவறான நம்பிக்கை. டீமன் என்பதற்கு ஜேவிஎம் முடியும்போது மட்டுமே பொருள் உண்டு. செயலியை ரீலோட் செய்யும்போது ஜேவிஎம் முடிவதில்லை. எக்செக்யூட்டருக்கு முதலில் ஷட்டவுன், பிறகு சில விநாடிகள் அவெய்ட்டெர்மினேஷன், அதற்குள் முடியாவிட்டால் ஷட்டவுன்நவ் என்பதே வரிசை. டைமருக்குக் கேன்சல் போதும்.

ஷட்டவுன்நவ் செய்வது இன்டரப்ட் அனுப்புவது மட்டுமே. லூப்புக்குள் இன்டரப்டட்எக்ஸப்ஷனைப் பிடித்து, லாகில் எழுதிவிட்டு, மீண்டும் சுற்றப் போகும் நிரலை அது நிறுத்தாது. அந்தக் கேட்ச் பகுதியில் த்ரெட்டின் இன்டரப்ட் நிலையை மீண்டும் வைத்துவிட்டு லூப்பை விட்டு வெளியேற வேண்டும்.

இன்டரப்ட்டுக்குச் செவிசாய்க்காத இடமும் ஒன்று உண்டு. குடோனில் உள்ள எடை மெஷின் நெட்வொர்க் வழியாக அனுப்பும் எடையைச் சாக்கெட்டில் ரீட் செய்து காத்திருக்கும் த்ரெட்டை நினைத்துப் பாருங்கள். மெஷின் பேசாத வரை அது ரீட் வரியிலேயே நிற்கும், சாதாரண த்ரெட்டில் சாக்கெட் ரீட் இன்டரப்ட்டால் விழிக்காது. அங்கே வேறொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டையே மூட வேண்டும்; ரீட் உடனே சாக்கெட்எக்ஸப்ஷனோடு வெளியே வரும். 'நிறுத்துகிறோம்' என்ற வாலடைல் கொடியை முதலில் வைத்துவிட்டு மூடினால், அந்த எக்ஸப்ஷனைக் கோளாறு என்று கருதி மறுபடி கனெக்ட் செய்யப் போகாமல் த்ரெட் முடிந்துவிடும்.

டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் அமைப்பில் உள்ள 'கிளியர்ரெஃபரன்சஸ்ஸ்டாப்த்ரெட்ஸ்' என்பதை இயக்கினால் அது இவற்றை வலுக்கட்டாயமாக நிறுத்திவிடாதா என்று கேட்கலாம். அது இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் அது நம்பியிருந்த த்ரெட் ஸ்டாப் மெத்தட் ஆபத்தானது, ஜாவா 20 முதல் அது எக்ஸப்ஷனை மட்டுமே வீசுகிறது. அதை நம்ப வேண்டாம்.

டேட்டாபேஸ் டிரைவர்

டிரைவர் ஜார் வார் கோப்புக்குள் இருந்தால், அது ஜேவிஎம் முழுமைக்கும் பொதுவான டிரைவர்மேனேஜரில் பதிவாகிறது. செயலி நிற்கும்போது முதலில், டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் கனெக்‌ஷன் பூலை மூடுங்கள்; மைஎஸ்கியூஎல் என்றால் அடுத்ததாக அபாண்டன்ட்கனெக்‌ஷன்கிளீனப்த்ரெட் என்ற கிளாஸின் செக்ட்ஷட்டவுன் மெத்தடை அழையுங்கள்; அதன்பின் கெட்டிரைவர்ஸ் தரும் ஒவ்வொரு டிரைவரையும் டிரைவர்மேனேஜரிலிருந்து நீக்குங்கள். நீக்கும் முன் அந்த டிரைவரை ஏற்றிய லோடர் நம் செயலியின் லோடர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதே டாம்கேட்டில் பொது டிரைவரை வைத்து ஓடும் பக்கத்துச் செயலி, உதாரணமாகக் கேன்டீன் கணக்கு, காரணம் தெரியாமல் நின்றுவிடும்.

டாம்கேட் இதைத் தானாகவே நீக்கிவிடும் என்பது சரிதான். ஆனால் மூடாத பூலையும் மைஎஸ்கியூஎல்லின் கிளீனப் த்ரெட்டையும் அது மூடித் தராது. டிரைவர் எச்சரிக்கை வந்தால் அருகில் இவையும் விடுபட்டிருக்கும் என்று கொள்வது நலம்.

பாதியில் நின்றுபோகும் துப்புரவு

நிரலில் மூடும் வரிகள் எல்லாம் இருந்தும் கசிவு தொடர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கான்டெக்ஸ்ட்டிஸ்ட்ராய்டில் ஐந்து பொருள்களை வரிசையாக மூடுகிறோம். இரண்டாவதில் எக்ஸப்ஷன் வந்தால் மீதி மூன்றும் திறந்தே நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி டிரையில் வைத்து, பிழையை லாகில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். திறந்த வரிசைக்குத் தலைகீழாக மூட வேண்டும். பூலைப் பயன்படுத்தும் எக்செக்யூட்டர் நிற்கும் முன் பூலை மூடினால் கடைசி வேலைகள் பிழையில் முடியும். லிசனர்களைக் கன்டெய்னரே அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக அழிக்கிறது, சர்வ்லெட்களும் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் கிளாஸ்களும்) ஃபில்டர்களும் அதற்கு முன்பே அழிக்கப்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இனிட் மெத்தடில் எக்ஸப்ஷன் வீசிய சர்வ்லெட்டுக்கு டிஸ்ட்ராய் மெத்தட் அழைக்கப்படாது. இது சர்வ்லெட் விதிமுறையிலேயே எழுதியிருப்பது. இனிட்டில் த்ரெட் ஒன்றைத் தொடங்கி, அடுத்து எடை மெஷினுக்குக் கனெக்ட் செய்யும்போது பிழை வந்தால், தொடங்கிய த்ரெட்டை நிறுத்த வேண்டியது அந்த இனிட்டின் கேட்ச் பகுதிதான். மறுபுறம், டிஸ்ட்ராய் அழைக்கப்படும்போது ரிக்வெஸ்ட் ஒன்று இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். டாம்கேட் 'அன்லோட்டிலே' (unloadDelay) என்ற அளவுக்கே, இயல்பாக 2000 மில்லிவிநாடிகளே, காத்திருக்கும். பெரிய ஷிப்மென்ட் ரிப்போர்ட் ஓடும் செயலியில் அந்த அளவைக் கூட்டுவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரன்டைமில் சேர்த்த ஷட்டவுன் ஹுக் (ஜேவிஎம் நிற்கும்போது ஓடும் நிரல்), பிளாட்ஃபார்ம் எம்பீன் சர்வரில் பதிந்த எம்பீன் (கண்காணிப்புக்கான ஆப்ஜெக்ட்), டாம்கேட்டின் பொது லிப்பில் இருக்கும் ஜாரின் ஸ்டாட்டிக் பட்டியலில் சேர்த்த லிசனர் ஆகிய மூன்றும் ஜேவிஎம்மின் ஆயுளுக்கு நிற்பவை. சேர்த்த ஒவ்வொன்றையும் செயலி நிற்கும்போது நாமே நீக்க வேண்டும். ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகத்தைப் பயன்படுத்துவோர் பிரீடிஸ்ட்ராய் குறிப்பில் இவற்றை எழுதலாம். டாம்கேட் 10-க்கு மாறியிருந்தால் அந்தக் குறிப்பு ஜகார்த்தா பேக்கேஜிலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

ரிக்வெஸ்டிலும் செஷனிலும் தங்குபவை

கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், ஃபைல் ஸ்ட்ரீம் எதுவானாலும் ஜாவா 7 முதல் இருக்கும் டிரை-வித்-ரிசோர்சஸ் முறையில் திறப்பதே பாதுகாப்பு. கைகளால் குளோஸ் எழுதுவதில் நடுவே ஒரு ரிட்டர்ன் நுழைந்தால் போதும். எங்கே திறந்தபடி விடுகிறோம் என்று தெரியாவிட்டால் ஹிகாரிசிபி பூலின் லீக்டிடெக்‌ஷன்திரெஷோல்டை அமைத்தால், அந்த நேரத்துக்கு மேல் திரும்பாத கனெக்‌ஷனை எடுத்த இடத்தின் ஸ்டாக் டிரேஸ் லாகில் வரும். அது 2000 மில்லிவிநாடிக்குக் குறைவான மதிப்பை ஏற்காது.

எக்செல் ரிப்போர்ட்டை முழுதாக உருவாக்கி, டவுன்லோட் பொத்தானுக்காகச் செஷனில் வைக்கும் வழக்கம் கணக்கு மென்பொருள்களில் அதிகம். டாம்கேட்டின் இயல்பான செஷன் நேரம் 30 நிமிடங்கள். மாத முடிவில் எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் எடுத்தால் அத்தனையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஹீப்பில் நிற்கும். செஷன் நேரத்தை பூஜ்ஜியம் என்று அமைத்தவர்களுக்கு அது ஒருபோதும் போகாது. தற்காலிகக் கோப்பில் எழுதி, கோப்பின் பெயரை மட்டும் செஷனில் வையுங்கள்; ஹெச்டிடிபிசெஷன்பைண்டிங்லிசனர் வழியாகச் செஷன் முடியும்போது கோப்பையும் அழித்துவிடலாம்.

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே சோதனைச் சர்வரில், அதே திரைகளைத் தொட்டு, அதே ரீலோட்களைச் செய்து பாருங்கள். ஒரு பிடியை விடுவித்ததும் ஃபைண்ட் லீக்ஸ் காலியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே லோடரை இரண்டு மூன்று இடங்கள் பிடித்திருப்பது சகஜம் என்பதால், அடுத்த டம்பில் அடுத்த சங்கிலி தெரியும். கடைசியில் மிஞ்சுவது நீங்கள் எழுதாத நூலகம் ஒன்றின் த்ரெட்டாக இருந்து, அதை நிறுத்தும் மெத்தடை அதன் ஆசிரியர்கள் தரவில்லையென்றால், அந்த ஜாரை வார் கோப்பிலிருந்து எடுத்து டாம்கேட்டின் பொது லிப் கோப்புறைக்கு மாற்றுங்கள். அதன் கிளாஸ்கள் பொது லோடரில் ஏறிவிடும். ஆனால் அந்த த்ரெட்டைத் தூண்டுவது இன்னும் உங்கள் ரிக்வெஸ்ட்தான் என்றால், புதிய த்ரெட் தன்னைத் தொடங்கிய த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை, அதாவது உங்கள் செயலியின் லோடரை, சுவீகரித்துக்கொள்ளும். அதனால் நூலகத்தைத் தொடங்கும் முதல் அழைப்பின்போது மட்டும் நடப்பு த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் லோடரைப் பொது லோடருக்கு மாற்றி, ஃபைனலியில் பழையபடி திருப்பி வையுங்கள்.